தொலைவை அருகாக்கும் காமிரா

மார்கழி மாதத்து விடியற்காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நீங்கள் நின்றதுண்டா? செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள அந்தச் சிற்றூரின் ஏரி, குளிர்காலத்தில் பறவைகளின் நகரமாகவே மாறிவிடுகிறது. நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரையும் நீர்க்காக்கையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நாம் நிற்பதோ கரையில். இடையே கிடப்பது நீர். இன்னும் சிறிது அருகே சென்றால் நல்ல படம் கிடைக்குமே என்று மனம் ஏங்கும். ஆனால் செல்ல இயலாது, இயன்றாலும் செல்லலாகாது.

சென்ற குளிர்காலத்தில் அந்தக் கரையில் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். சிறுவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து, ஓராண்டுக் காலமாக அவர் பணம் சேர்த்து வந்தாராம். "ஐயா, பையில் அடங்கும் சிறிய ஜூம் காமிரா வாங்குவதா? பிரிட்ஜ் காமிரா என்கிறார்களே, அந்தப் பெரியதை வாங்குவதா? கடையில் ஒன்றை 40 மடங்கு என்கிறார்கள். மற்றொன்றை 65 மடங்கு என்கிறார்கள். மடங்கு மிகுந்ததை வாங்கிவிட்டால் போதாதா?" என்று கேட்டார். அவர் இருமுறை வாங்கும் வசதி உடையவர் அல்லர். தேர்வு தவறினால் ஓராண்டு உழைப்பு வீணாகும். அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கைக்குள் அடங்கும் காமிராவைக் கையடக்கக் காமிரா என்போம். பிரிட்ஜ் என்றால் பாலம். கையடக்கக் காமிராவுக்கும், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய காமிராவுக்கும் இடையே பாலம் போல் நிற்பதால் மற்றதற்கு அப்பெயர் வந்தது. பார்வைக்குப் பெரிய காமிராவை ஒத்திருந்தாலும், அதன் லென்ஸ் கழற்ற முடியாதபடி உடலோடு இணைந்தே இருக்கும்.

இவ்விரண்டின் உயிர்நாடி ஜூம் லென்ஸ் ஆகும். குவியத் தூரத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் வல்ல லென்ஸ் அது. குவியத் தூரம் கூடினால் தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். குறைந்தால் அகன்ற காட்சி அடங்கும். 35 மி.மீ. பிலிம் காமிராவுக்கென முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஜூம் லென்ஸ், ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட 'ஜூமார்' என்பது. அதன் குவியத் தூரம் 36 மி.மீ. முதல் 82 மி.மீ. வரை மாறியது. மடங்குக் கணக்கில் சொன்னால் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். 2018இல் வெளிவந்த நிக்கான் பி1000 என்னும் பிரிட்ஜ் காமிராவோ 125 மடங்கு கொண்டது. அறுபது ஆண்டுகளுக்குள் எத்தகைய வளர்ச்சி!

ஆனால் மடங்கு என்பது எதைக் குறிக்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மிக நீண்ட குவியத் தூரத்தை மிகக் குறுகிய குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் ஈவே மடங்கு. பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அந்த எண் கூறுவதில்லை. ஓர் உதாரணம் காண்போம். விளம்பரத்திற்காக அன்று; ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் இரு வகையையும் செய்திருப்பதால் ஒப்பிட எளிது என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன். கானன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட எஸ்எக்ஸ்740 ஒரு கையடக்கக் காமிரா. எஸ்எக்ஸ்70 ஒரு பிரிட்ஜ் காமிரா. பழைய 35 மி.மீ. பிலிம் காமிராவின் அளவையில் சொன்னால், முன்னதன் எல்லை 24 முதல் 960 மி.மீ.; பின்னதன் எல்லை 21 முதல் 1365 மி.மீ. ஆகவே ஒன்று 40 மடங்கு, மற்றொன்று 65 மடங்கு. காதுக்கு 65 என்பது 40ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஒலிக்கிறது. ஆனால் 1365ஐ 960ஆல் வகுத்துப் பாருங்கள், 1.4 தான் வரும். பிரிட்ஜ் காமிராவின் கணக்கு 24இலிருந்து தொடங்காமல் 21இலிருந்து தொடங்குவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

இக்கணக்கை ஏரிக்குக் கொண்டு செல்வோம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள சாம்பல் நாரை நூறு மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். கைப்பேசியின் சாதாரண லென்ஸில் அது படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் புள்ளி. கையடக்கக் காமிராவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருக்கும். பிரிட்ஜ் காமிராவில் பாதி உயரம் இருக்கும். அதாவது, கைப்பேசியிலிருந்து கையடக்கக் காமிராவுக்குத் தாவும் தாவலே பெருந்தாவல். அதற்குப் பின் பிரிட்ஜ் காமிரா தருவது ஒரு சிறிய படி மட்டுமே. நாரைக்கு அச்சிறிய படி தேவையில்லை. ஆனால் ஒரு சாண் நீளமும் இல்லாத சிறிய நீல மீன்கொத்தி நாற்பது மீட்டர் அப்பால் அமர்ந்திருந்தால், முன்னதில் அது ஏழில் ஒரு பங்கும் பின்னதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் இருக்கும். அங்கே ஒவ்வொரு படியும் மதிப்புள்ளது.

அப்படியானால் இரட்டிப்புப் பருமன் எதற்காக? ஒளிக்காக. தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாக்க வேண்டுமானால், அதிலிருந்து வரும் ஒளியை அதிகமாகத் திரட்ட வேண்டும். அதற்கு லென்ஸின் வாய் அகன்றிருக்க வேண்டும். மேற்சொன்ன கையடக்கக் காமிராவில், முழு ஜூமில் ஒளி புகும் வாய் சுமார் 25 மி.மீ. அகலம், பிரிட்ஜ் காமிராவில் சுமார் 38 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால், ஒரே நாரையிடமிருந்து பின்னது இரண்டு மடங்குக்கும் மேலான ஒளியைத் திரட்டுகிறது. அகன்ற கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் மடித்து வைக்க எந்தப் பொறியாளராலும் இயலாது. ஆகவேதான் முன்னது சுமார் 300 கிராம். பின்னது சுமார் 610 கிராம். 125 மடங்குக் காமிராவோ 1,400 கிராமுக்கும் மேல்!

இரண்டாவது காரணம் கை நடுக்கம். 960 மி.மீ. எல்லையில் படம் அசையாதிருக்க, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் படம் பதிய வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இரு காமிராவிலும் உண்டு. ஆயினும் பிடிக்கும் முறையும் முக்கியம். கையடக்கக் காமிராவை முன்னே நீட்டித் திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் திரை மங்கும். நீட்டிய கை ஆடும். பிரிட்ஜ் காமிராவிலோ கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் இருக்கிறது. இரு முழங்கைகளை மார்போடு அணைத்து, காமிராவை நெற்றியோடு ஒட்டிப் பிடித்தால், நம் உடலே முக்காலியாகி விடுகிறது.

இனி, இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையையும் அறிந்துகொள்ளுங்கள். லென்ஸுக்குப் பின்னால் பழைய பிலிம் இருந்த இடத்தில் இன்று இருப்பது ஒளியுணர் தகடு. இவ்விரு காமிராக்களிலும் அதன் அளவு ஏறத்தாழ 6 மி.மீ. நீளம், நாலரை மி.மீ. அகலம், சிறுவிரல் நகத்தினும் சிறியது. 35 மி.மீ. பிலிம் படத்தின் பரப்பில் அது முப்பதில் ஒரு பங்கு. அத்தனை சிறிய இடத்தில் 2 கோடி பிக்ஸல்களை நெருக்கி அமைத்திருக்கிறார்கள். ஆனால் ஒளி அலை வடிவானது. சிறு வாயின் வழியே புகும்போது விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் சற்றுப் பரந்து ஒரு வட்டமாகவே விழும். முழு ஜூமில் அவ்வட்டம் ஒரு பிக்ஸலைப் போலப் பல மடங்கு அகலமானது. ஆகவே பிக்ஸல் எண்ணிக்கையைக் காட்டி விற்றால் மயங்காதீர்கள். 'டிஜிட்டல் ஜூம்' என்பதும் அத்தகையதே. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதன்றி, புதிய நுட்பம் எதையும் அது தருவதில்லை.

மாலையில் பறவைகள் கூடு திரும்பும் மங்கலான வேளையில் இச்சிறு தகடு திணறும். படம் மணல் தூவியதுபோல் இருக்கும். அவ்வேளைக்கு வேண்டுவது பெரிய தகடு. 2017இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்10 காமிராவின் நான்காம் பதிப்பில் தகட்டின் பரப்பு நான்கு மடங்கு உண்டு. ஆனால் அதன் எட்டும் எல்லை 600 மி.மீ. தான், எடையோ ஒரு கிலோவுக்கு மேல், விலையும் மிக அதிகம். எட்டும் தொலைவு, திரட்டும் ஒளி, சுமக்கும் எளிமை ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் காமிரா இல்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இப்பொழுது மாணவரின் வினாவுக்கு வருவோம். "எத்தனை மடங்கு?" என்று கேட்பதை விடுத்து, "நான் காண விரும்புவது எவ்வளவு சிறியது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது? கருவியை நான் உண்மையில் சுமப்பேனா?" என்று கேளுங்கள். கோயிற் கோபுரத்துச் சிற்பம், பயணத்தில் எதிர்ப்படும் மலைமுகடு, விளையாட்டு விழா ஆகியவற்றிற்குக் கையடக்கக் காமிரா தாராளமாகப் போதும். அது எப்போதும் உடன் வரும். வீட்டில் கிடக்கும் பெரிய காமிராவினால் என்ன பயன்? வாரந்தோறும் ஏரிக்குச் சென்று சிறு பறவைகளை இனங்கண்டு குறிப்பெடுப்பவருக்கோ பிரிட்ஜ் காமிராவே உற்ற துணை.

ஐயம் தீரவில்லையா? எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். 600 கிராம் அரிசியை ஒரு பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் நடமாடுங்கள். மூன்றாம் நாளே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றினால், உங்களுக்கு உரியது கையடக்கக் காமிரா. அந்த மாணவரும் இச்சோதனையைச் செய்தார். ஏழாம் நாளும் பை அவர் தோளில் இருந்தது. பிரிட்ஜ் காமிராவையே வாங்கினார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். காமிரா எதுவாயினும், எட்டாத குறையைக் காலால் நிரப்ப முயலாதீர்கள். கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். காக்கை முட்டையைக் கவரும். வெயில் குஞ்சை வாட்டும். நீங்கள் நிற்பது கண்டு பறவை தலை நிமிர்ந்து பார்த்தால், அவ்விடத்தே நின்றுவிடுங்கள். அங்கிருந்து கிடைக்கும் படம் சிறியதாயினும் அதுவே நல்ல படம்.