எண்ணெய் பூசிய மரத்தளம்: துடைத்த துணி தீப்பற்றுவது ஏன்?

வார்னிஷ், மரத்தின் மேல் படலமாகப் படிகிறது. ஆளி விதை எண்ணெயோ மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுகிறது. எனவே, எண்ணெய் பூசிய மரத்தளத்தை ஈரம் சொட்டத் துடைப்பதும், சலவைத்தூள், வினிகர் போன்றவற்றைப் பயன்படுத்துவதும் அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும். தூசியைப் பெருக்கியபின் நன்கு பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

தளத்தில் விட்ட நீர்த்துளி முத்தாகத் திரளாமல் உறிஞ்சப்பட்டு, அவ்விடம் கருத்தால் மீண்டும் எண்ணெய் பூச வேண்டும். மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்தெடுக்காவிட்டால் தளம் பிசுபிசுக்கும்.

உண்மையான ஆபத்து, அவ்வாறு துடைத்த துணியில் உள்ளது. எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றி, சில மணி நேரத்தில் தானாகவே தீப்பற்றக்கூடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23-இல் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் நேரிட்ட தீ விபத்துக்கு, மரப்பலகைகளைப் புதுப்பித்தபின் விட்டுச்செல்லப்பட்ட இத்தகைய துணிகளே காரணம். அதில் தீயணைப்பு வீரர்கள் 3 பேர் உயிரிழந்தனர்.

துணிகளைத் திறந்தவெளியில் தனித்தனியே விரித்து முழுமையாக உலரவிட வேண்டும். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் நீரில் மூழ்கவைக்க வேண்டும். குப்பைத்தொட்டியிலோ அழுக்குத்துணிக் கூடையிலோ போடக்கூடாது.