பள்ளிக்காக வீடு மாறும் முன்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டால் எந்த ஹைஸ்கூல் என்ற கவலை தொடங்கிவிடுகிறது. அங்கே அரசுப் பள்ளியில் இடம் பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பார்த்தே தரப்படுகிறது. அதனால் பெயர்பெற்ற பள்ளி இருக்கும் வட்டாரத்தில் வீட்டு விலையும் ஏறி நிற்கும். சக்திக்கு மீறிக் கடன் வாங்கி அங்கே குடிபோகிறவர்கள் உண்டு. பள்ளி அமைந்தபின் அடுத்த கவலை, ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் பாடங்கள் எத்தனை எடுப்பது என்பது. கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஹைஸ்கூலிலேயே நடத்தப்படும் பாடங்கள் இவை. காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950-களில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இன்று சுமார் 40 பாடங்கள் இருக்கின்றன. மே மாதம் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பள்ளியின் பெயருக்காகவும் ஏ.பி.யின் எண்ணிக்கைக்காகவும் குடும்பங்கள் இவ்வளவு பணத்தையும் தூக்கத்தையும் இழக்கத் தேவையில்லை என்று சொல்லப் போதுமான சான்றுகள் இருக்கின்றன. நம் பிள்ளை எந்தக் கடினமான பாடத்தை எங்கே நன்றாகப் படிக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை முறை எளிதில் பிடிபடாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, மாநிலம் முழுவதையும் தரவரிசையில் நிறுத்தும் முறை அது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தவிர்த்தால், எந்தப் பள்ளியில் படித்தார் என்ற கேள்வியே எழாது. அமெரிக்காவில் போட்டி மிகுந்த கல்லூரிகளோ விண்ணப்பத்தை அந்த மாணவர் படித்த பள்ளியோடு சேர்த்தே படிக்கின்றன. மதிப்பெண் பட்டியலுடன் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற சிறு குறிப்பும் போகும். பள்ளியில் எத்தனை ஏ.பி. பாடங்கள் உண்டு, கிரேடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல நூறு கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பள்ளிக் கவுன்சலர் நிரப்பும் படிவமும் ஒன்று உண்டு. உங்கள் பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று அது கேட்கும்; மிகக் கடினம் என்பதில் தொடங்கிச் சராசரிக்கும் கீழே என்பது வரை ஏதேனும் ஒன்றைக் கவுன்சலர் குறிக்க வேண்டும். ஒப்பீடு முழுக்க அந்தப் பள்ளிக்குள்ளேயே நடக்கிறது. 25 ஏ.பி. பாடங்கள் உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவரைவிட, ஆறே ஏ.பி. உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவருக்கு உயர்ந்த கட்டம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் புகழ்பெற்ற பள்ளிகளின் மாணவர்கள் ஆண்டுதோறும் பெரிய கல்லூரிகளில் குவிவது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ் போன்ற பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று தெரிந்தால்தான் பள்ளி சேர்த்தது எவ்வளவு என்று சொல்ல முடியும். அதைக் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. கட்-ஆஃபை ஓரிரு மதிப்பெண்ணில் தாண்டி உள்ளே போனவரும், ஓரிரு மதிப்பெண்ணில் தவறவிட்டு வெளியே நின்றவரும் திறமையில் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இரு கூட்டத்தாரையும் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அடிலா அப்துல்காதிரோலு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளை இப்படி ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களில் ஆங்ரிஸ்ட் 2021-இல் நோபல் பரிசு பெற்றவர். உள்ளே போனவர்களுக்கு மிகத் திறமையான சகமாணவர்கள் கிடைத்தார்கள், ஆனால் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்விலும் ஏ.பி. தேர்விலும் வாங்கிய மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடு அநேகமாக இல்லை. அதே ஆண்டு வில் டாபியும் ரோலண்ட் ஃப்ரையரும் நியூயார்க் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும், கல்லூரியில் சேர்வதிலோ சேரும் கல்லூரியின் தரத்திலோ பெரிய மாற்றம் தென்படவில்லை.

இந்த ஆய்வுகள் விளிம்பில் நின்றவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன, முதலிடம் பெறும் மாணவருக்கு இது பொருந்தாது என்று மறுக்கலாம். அதில் உண்மை இருக்கிறது. பத்தாம் வகுப்பிலேயே கால்குலஸை முடித்துவிடக்கூடிய பிள்ளைக்கு, அதற்கு மேல் கற்பிக்கும் ஆசிரியர் உள்ள பள்ளி பெரிய வரம். மறுபுறம், இயற்பியல் ஆசிரியரே இல்லாத பள்ளியும் நல்ல பள்ளியும் ஒன்று என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. என் வாதம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரும்பாலான குடும்பங்களைப் பற்றியது. ஓரளவு நல்ல பள்ளி ஏற்கனவே பக்கத்தில் இருக்கும்போது, அதைவிட ஒரு படி புகழ் கூடிய பள்ளிக்காக எல்லாவற்றையும் பணயம் வைப்பவர்கள் அவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளோடு பழகினால் நம் பிள்ளையும் உயரும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஆழமானது. ஆனால் உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-கள் முதல் செய்துவரும் ஆய்வுகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. ஒரே திறமையுள்ள இருவரில், மிகத் திறமையானவர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவருக்குத் தன் படிப்பைப் பற்றிய நம்பிக்கை குறைந்துபோகிறது. பதினைந்து வயதில் 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளையை மீட்பது எளிதல்ல.

ஏ.பி. விஷயத்திலும் எண்ணிக்கை மோகமே ஆட்டுவிக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து சால் கைசரும் வெரோனிகா சாந்திலிசெஸும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹைஸ்கூலில் எத்தனை ஏ.பி. பாடங்களும் 'ஹானர்ஸ்' எனப்படும் உயர்நிலைப் பாடங்களும் எடுத்தார்கள் என்பதற்கும் கல்லூரியில் எப்படிப் படித்தார்கள் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு; ஏ.பி. தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கோ வலுவான தொடர்பு இருந்தது. பட்டியலில் பாடம் ஏறுவது ஒன்று, அது மண்டையில் ஏறுவது இன்னொன்று. அந்தப் பல்கலைக்கழகமே தகுதிக்கான சராசரியைக் கணக்கிடும்போது எட்டு செமஸ்டர்களுக்கு மேல், அதாவது ஓராண்டுப் பாடங்கள் நான்குக்கு மேல், கூடுதல் புள்ளி தருவதில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் உட்பட எட்டு தனியார் பள்ளிகள், 2022-க்குள் ஏ.பி. பாடங்களைக் கைவிட்டுத் தங்கள் சொந்தப் பாடங்களை நடத்தப்போவதாக 2018-இல் அறிவித்தன. அப்பள்ளிகளின் பெயர் கல்லூரிகளுக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் அவற்றுக்கு அந்தத் துணிவு வந்தது; சாதாரண அரசுப் பள்ளி மாணவர் அவற்றைப் பார்த்து ஏ.பி.யே வேண்டாம் என்றிருக்க முடியாது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றில் பள்ளி தரும் கடினமான வகுப்பை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு மேல் ஏழாவது, எட்டாவது என்று சேர்த்துக்கொண்டே போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் கல்லூரியில் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடைத்துப் பணம் மிச்சமாகுமே என்ற வாதம் வலுவானது. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி கணக்கு மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் கிரெடிட் உண்டு. டார்ட்மத் கல்லூரியோ பட்டத்துக்கான கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. பள்ளியில் ஏ.பி. குறைவாக இருந்தால், அங்கே படித்துக்கொண்டே அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் 'டூயல் என்ரோல்மென்ட்' முறையில் பாடம் எடுக்கலாம். பல மாநிலங்களில் அதற்குக் கட்டணமே இல்லை, அல்லது மிகக் குறைவு.

டெக்சஸில் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது கல்லூரிச் சேர்க்கையில் இன்னும் நேரடியாக வேலை செய்கிறது. 1997-இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு காலப்போக்கில் சுருங்கி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 5 சதவீதமாகிவிட்டது. போட்டி மிகுந்த பள்ளியில் எட்டாவது சதவீதத்தில் இருப்பவருக்கு அந்தக் கதவு தானாகத் திறக்காது. அவரே பக்கத்துப் பள்ளியில் படித்திருந்தால் திறந்திருக்கும். இதைக் கணக்கிட்டுச் சில குடும்பங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் மட்டுமே. கம்ப்யூட்டர் சயின்ஸோ பொறியியலோ கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. உள்ளே போனபின் அங்கே நடக்கும் கணித வகுப்பில் தாக்குப்பிடிக்கவும் வேண்டும்.

அந்தக் கணிதம்தான் பெற்றோர் உண்மையில் கவனிக்கவேண்டிய இடம். அல்ஜீப்ரா ஒன்று, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, பிரீ-கால்குலஸ், கால்குலஸ் என்பது வழக்கமான வரிசை, ஆண்டுக்கு ஒன்று. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்றை முடிக்கும் பிள்ளைதான் வரிசை பிசகாமல் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு வரும். பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது போட்டி மிகுந்த கல்லூரிகள் கால்குலஸை எதிர்பார்க்கின்றன. ஆக, பாதி முடிவு ஆறாம், ஏழாம் வகுப்பில், ஹைஸ்கூலைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த வகுப்புகளில் எந்தக் கணிதப் பிரிவில் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள், அதை மாற்ற எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்று இப்போதே விசாரிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜீப்ரா ஒன்று தொடங்குகிறது என்றாலும் வழி அடைபட்டுவிடாது. ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா இரண்டையும் ஒரே ஆண்டில் எடுக்கவோ, ஒன்றைக் கோடை வகுப்பில் முடிக்கவோ பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. கவுன்சலரிடம் கேட்டால் தகவல் கிடைக்கும்.