உணர்வு விளங்குமாறு

ஒரு பொருளை அறிதல் வேறு. அதனை உணர்தற்குரிய பக்குவம் எய்துதல் வேறு. இதனைத் திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் கொண்டு ஒருவாறு விளக்கலாம். ஒரே கல்லில் திரளாகச் செதுக்கிய சிறு தூண்கள், தட்டுங்கால் இனிய ஒலி தருகின்றன. சிற்பி அக்கல்லினுள் ஒலியைப் புகுத்தினானல்லன். மிகையான கல்லை நீக்கினான். நீக்கிய பின்னரும், ஒருவர் தட்டினாலன்றி ஒலி எழாது.

உயிரின் உணர்வும் இத்தகையதே. ஆணவமலம் மறைத்தலான் அது விளங்காது கிடக்கும். இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழிச் சத்திநிபாதம் நிகழ, முதல்வனே குருவாய் வந்து உணர்த்துவன். சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்த அரசகுமாரனை உவமையாக்கியது இதுபற்றியே. அவன் புதிதாக அரசகுமாரன் ஆயினானல்லன், உணர்த்த உணர்ந்தான். பொருநைக்கரை விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றி 1785இல் சிவப்பேறெய்திய மாதவச் சிவஞான முனிவர் இந்நூலுக்கு மாபாடியம் அருளினமை அறிஞர் அறிவர்.

கல்லுவமை முற்றும் ஒவ்வாது. கல் சடம், தட்டுவாரை அறியாது. உயிரோ சித்து, உணர்த்துவானை உணர்ந்து அவன்பால் அன்பு செய்யும். அன்றியும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு. ஆதலின் நுண்ணுணர்வு வாய்த்தல் மாத்திரையானே நன்மையாகாது. புகழ்ச்சிக்கு மகிழ்ந்தும் இகழ்ச்சிக்குச் சினந்தும் நொடியிற் கலங்கும் உள்ளமும் நுண்ணுணர்வுடையதே. அது தன்னையே சார்ந்து நுண்மையுற்றது. எதனைச் சார்ந்து நுண்மையுற்றது என்பதே ஆராயற்பாலது. பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலைக் கூறுதலின், உணர்வு இறைவனைச் சார்ந்தமைக்கு அத்தொழுகையே அடையாளமென்க.