பேர் வெட்டாத பாத்திரம்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல மக்களே. காரணம் ஒரு பேர். சரியாச் சொன்னா, நான் வைக்காம விட்ட பேர்.

இங்கே ஜெர்மனியில என் முதுகலை ஆய்வு, ஒரு உலோகத் தகட்டுல வெப்பம் எப்படிப் பரவுதுன்னு கணக்குப் போடுற சி நிரல். 1000க்கு 1000 கட்டம். அதை நாலாப் பிரிச்சு நாலு புராசஸ்கிட்ட ஆளுக்கொண்ணாக் குடுத்தாச்சு. ஒருத்தர் மெமரியை இன்னொருத்தர் எட்டிப் பார்க்க முடியாது, எல்லையில இருக்குற வெப்பநிலையை மட்டும் பக்கத்து வீட்டுக்கு மெசேஜா அனுப்பணும். அதுக்குத்தான் எம்பிஐ. 1994ல வந்த தரம், இன்னும் சூப்பர்கம்ப்யூட்டர் உலகத்துல இதுதான் ராஜா.

எல்லைங்கிறது ஒரு நெடுவரிசை. சி மொழியோ அணியைக் கிடைவரிசையாத்தான் அடுக்கும், அதனால அந்த எண்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். "500 எண் எடு, ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு 502 இடம் தாண்டு"ன்னு எம்பிஐக்கு ஒரு டேட்டாடைப் செஞ்சு குடுக்கணும். என்கிட்ட அப்படி ரெண்டு. வெப்பநிலை அணிக்கு ரெண்டு பக்கமும் ஓரம் சேர்த்து 502 அகலம். கடத்துதிறன் அணிக்கு ஓரம் கிடையாது, வெறும் 500.

ரெண்டுக்கும் நான் வச்ச பேர்? நியூடைப், நியூடைப்2. சிரிக்காதீங்க, தர ஆவணத்துலயே அந்த இடத்துல நியூடைப்னுதான் போட்டிருக்கு :-)

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு, வெப்பநிலையை அனுப்புற வரியில நியூடைப்2ஐப் போட்டுட்டேன். நிரல் விழுந்திருந்தா அப்பவே பிழைச்சிருப்பேன். விழல. அனுப்புறதும் 500 எண், வாங்குறதும் 500 எண், எம்பிஐக்கு அது போதும். ஆனா 502 தாண்ட வேண்டிய இடத்துல 500 தாண்டுனதால, ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு கட்டம் இடதுபக்கம் நழுவி, நெடுவரிசைக்குப் பதிலா சாய்வா ஒரு கோடு போயிருக்கு. வெப்பம் பக்கத்துக்குப் பக்கம் பெருசா மாறாதே, படம் அழகாவே வந்துச்சு. கைடு பாராட்டினார். தன் கட்டுரை வரைவுல அதைச் சேர்த்தும் விட்டார்.

ஒரு மாசம் கழிச்சு, சும்மா ஒத்தைப் புராசஸ்ல ஓட்டிப் பார்த்தேன். மூணாவது இலக்கத்துல விடை மாறுது. வயித்தைக் கலக்கிடுச்சு.

நாலு ராத்திரி தேடினேன். டைப்பை அச்சடிச்சுப் பார்க்கலாம்னா எம்பிச் நூலகத்துல அது வெறும் ஒரு முழு எண். சாதாரண எம்பிஐ_இன்ட்கூடப் பல பதிப்புகள்ல 1275069445னு வரும். இதுல எது வெப்பம், எது கடத்துதிறன்?

எங்க வீட்டுல எவர்சில்வர் வாங்கினா அம்மா கடையிலயே பேர் வெட்டித்தான் எடுத்துட்டு வருவாங்க. கல்யாண வீட்டுல எல்லா அண்டாவும் ஒண்ணுபோலத்தானே இருக்கும்?

1997ல வந்த எம்பிஐ-2லயே இதுக்கு வழி இருக்கு: எம்பிஐ_டைப்_செட்_நேம். நீங்க செஞ்ச டைப்புக்கு ஒரு பேர் ஒட்டலாம், கெட்_நேம் போட்டா திருப்பித் தரும். பேர் வைக்காததுக்கு வெற்றுச் சரம்தான் வரும். பேர் அந்தப் புராசஸோட நிக்கும், மெசேஜோட பக்கத்து வீட்டுக்குப் போகாது. அதனால நாலு பேருமே அவங்கவங்க இடத்துல வைக்கணும்.

அப்புறம் சொந்தமா ஒரு எம்பிஐ_சென்ட் எழுதினேன். அது டைப்போட பேரையும் வரி அளவையும் அச்சடிச்சுட்டு, உண்மையான வேலையை பிஎம்பிஐ_சென்டுகிட்ட விட்டுடும். தரமே அனுமதிக்கிற தந்திரம் இது, பழைய நிரல்ல ஒரு வரி மாத்த வேண்டாம். முதல் ஓட்டத்துலயே, வெப்பம் போக வேண்டிய இடத்துல "கடத்து_500"னு நின்னுச்சு. நாலு ராத்திரிக்கு எதிரா பத்து நிமிஷம்!

பேரைத் தமிழ்லயே வச்சேன், ஆசைதான். ஆனா ஓப்பன் எம்பிஐல மொத்த இடம் 64 பைட், முடிவுக் குறிக்கு ஒண்ணு போனா 63. யூனிகோட் தமிழ்ல, அதாவது யூடிஎப்-8ல, ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட், ஒற்று, கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஆக 21 குறிதான். "வெப்பவிளிம்பு" 13 குறி, தாராளமா அடங்குது.

மறுநாள் கைடு அறைக்குப் போய், "நீங்க சேர்த்த படம் தப்பு, என் தப்பு"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் திரையையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் அந்தப் பக்கத்தை அழிச்சுட்டு, "எத்தனை ஓட்டம் திரும்ப ஓட்டணும்?"னு மட்டும் கேட்டார்.

பதினாலு. ஒன்பது முடிஞ்சிருச்சு, அஞ்சு இன்னும் க்யூவுல நிக்குது.