ரோமில் இறங்கி வெனிஸில் ஏறுங்கள்

ரோம், அசிசி, பதுவை. தமிழ்நாட்டிலிருந்து இத்தாலிக்குத் திருயாத்திரை போகும் குடும்பங்களின் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கும். வரிசையாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும் வழி இது. பதுவை அந்தோணியாரைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் வெனிஸ். ஆனால் டிக்கெட் மட்டும் ரோம் போய் ரோமிலிருந்தே திரும்புவதாக இருக்கும். கடைசி நாளில் பெட்டிகளோடு மறுபடி தெற்கே ஓட வேண்டும். அதிவேக ரயிலிலேயே ஏறத்தாழ நாலு மணி நேரம் ஆகும். நாலு பேருக்கு ரயில் கட்டணம், ரோமில் இன்னொரு ராத்திரி அறை வாடகை என்று கூட்டிப் பார்த்தால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

இறங்க ஓர் ஊர், திரும்ப ஏற வேறோர் ஊர் என்று ஒரே டிக்கெட்டாக வாங்க முடியும். முன்பதிவுத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று இருப்பது இதற்குத்தான். சென்னையிலிருந்து இத்தாலிக்குப் பெரும்பாலும் வளைகுடா வழியாகவோ வேறோர் ஐரோப்பிய நகரம் வழியாகவோதான் போகிறோம். அந்த நகரங்கள் பலவற்றிலிருந்து ரோம், மிலன், வெனிஸ் மூன்றுக்கும் விமானம் உண்டு. இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் டிராவல்ஸ்காரர் சொல்லப்போவதில்லை.

அடுத்து, டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் படிக்காதீர்கள். பக்கத்தில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். ‘மிலன்’ என்றால் அது மூன்று விமான நிலையங்களில் எதுவாகவும் இருக்கலாம். எல்.ஐ.என் என்றால் லினாத்தே. நகரத்தை ஒட்டியது, மெட்ரோவே போகிறது. எம்.எக்ஸ்.பி என்றால் மல்பென்சா. வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர். பி.ஜி.ஒய் என்றால் பெர்காமோ. அது கிழக்கே கிட்டத்தட்ட அதே தூரத்தில் உள்ள வேறோர் ஊர். மலிவு விமானங்கள் ‘மிலன்’ என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். மல்பென்சாவில் இறங்கி பெர்காமோவில் அடுத்த விமானம் பிடிப்பதாகப் போட்டுக்கொண்டால், நடுவில் ஒரு மாநகரத்தையே கடக்க வேண்டும். வெனிஸுக்கும் இதே கதைதான்: மார்க்கோ போலோ ஒன்று, திரெவிசோ இன்னொன்று.

பெரிய ஆபத்து தனித்தனி டிக்கெட்டில்தான். ரோம் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து சிசிலிக்கு மலிவாக இன்னொன்று என்று வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒரே முன்பதிவாக இருந்தால், கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எல்லாம் ஒரே டிக்கெட்டா?” என்பதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே டிக்கெட்டில் முதல் பகுதியில் ஏறாமல் விட்டால், மீதிப் பகுதிகளைப் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். வெனிஸ்–ரோம்–சென்னை என்று டிக்கெட் வைத்துக்கொண்டு, “ரோமில்தானே இருக்கிறோம், இங்கேயே ஏறிக்கொள்ளலாம்” என்று நினைத்தால் இருக்கை இருக்காது.

விசாவைப் பற்றி ஒரு பயம் பரவலாக உண்டு: இத்தாலி விசா என்றால் இத்தாலியில்தான் முதலில் இறங்க வேண்டுமாம். அப்படி விதி இல்லை. ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. இத்தாலியில் தங்கப்போகிறவர் பிராங்க்பர்ட் வழியாகப் போகலாம். குடிநுழைவுச் சோதனை பிராங்க்பர்ட்டிலேயே நடக்கும் என்பதால் அடுத்த விமானத்துக்குத் தாராளமாக நேரம் விட வேண்டும். 2025 அக்டோபர் முதல் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருப்பதால் வரிசை நீளலாம்.

இனி உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்குள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் பயணிக்குப் பாதுகாப்பு உண்டு. அங்கே போகும்போது மட்டும், ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் உண்டு. அதாவது வளைகுடா விமானத்தில் சென்னையிலிருந்து ரோம் போகையில் இந்த விதி வராது. ஒரே முன்பதிவில் ரோமிலிருந்து திரும்புகையில் வரும், நடு ஊரில் தாமதமானாலும் வரும். கடைசி ஊருக்கு மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்து, அதற்குக் காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால், 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். விமானக் கோளாறு என்று சொல்லி நிறுவனம் எளிதில் தப்ப முடியாது. சொந்த ஊழியர் வேலைநிறுத்தமும் அப்படித்தான்.

பயணிகள் அறியாத ஒரு பிரிவு இதில் உண்டு. ஒரே நகரத்துக்கோ பகுதிக்கோ பல விமான நிலையங்கள் இருந்து, வாங்கிய இடத்துக்குப் பதில் வேறொன்றில் இறக்கிவிட்டால், அங்கிருந்து கொண்டு சேர்க்கும் செலவு விமான நிறுவனத்தினுடையது. மல்பென்சா என்று வாங்கி பெர்காமோவில் இறக்கினால் பேருந்துக்கோ டாக்சிக்கோ அவர்கள்தான் தர வேண்டும். அவர்களாகத் தர முன்வராவிட்டால் நீங்களே போய்விட்டு, ரசீதோடு நியாயமான செலவைத் திரும்பக் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

எட்னா எரிமலை சாம்பல் கக்கினால் சிசிலியின் கத்தானியா விமான நிலையம் மூடப்படுவதுண்டு. அப்போது இழப்பீடு இல்லை. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் அல்லது பணம் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது. ‘இயற்கைச் சீற்றம்’ என்று கைவிரித்தால் நம்ப வேண்டாம். வேலைநிறுத்தம் இத்தாலியில் சகஜம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாள்களிலும் காலை 7 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் புறப்பட வேண்டிய விமானங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தேதி தெரிந்ததும் டிக்கெட்டை அந்த நேரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பெட்டி வராவிட்டால் வெளியே வருமுன் கவுன்டரில் புகார்ச் சீட்டு வாங்குங்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். தாமதம், ரத்து என்றால் முதல் புகார் விமான நிறுவனத்துக்கு. பதில் வராவிட்டால் இத்தாலியின் விமானப் போக்குவரத்து ஆணையமான எனாக்குக்கு. உள்ளூர் ஏஜென்ட் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று ஒரு பங்கு கேட்கும் நிறுவனங்கள் இணையத்தில் நிறைய. அவர்கள் முதலில் நிரப்பும் படிவம் விமான நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது.