மணிக்கு 7 டாலர் டூ 21 டாலர்... டெலிவரி ஆப்களை மடக்கிய நியூயார்க் மாநகராட்சி! எப்படி முடிந்தது?

2021 செப்டம்பர் 1. ஐடா புயலின் மிச்ச மழை நியூயார்க்கை மூழ்கடித்த இரவு. இடுப்பளவு தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார் ஒரு டெலிவரி ஊழியர். ஹேண்டில்பாரில் யாரோ ஆர்டர் செய்த சாப்பாட்டுப் பை தொங்குகிறது. அந்த வீடியோ உலகம் முழுக்க வைரலானது.

அதே மாதம் 23ஆம் தேதி, நியூயார்க் நகர கவுன்சில் டெலிவரி ஊழியர்களுக்காக ஒரே நாளில் பல சட்டங்களை நிறைவேற்றியது. வீடியோ பார்த்துதான் சட்டம் வந்தது என்று சொல்ல முடியாது. லாஸ் டெலிவரிஸ்டாஸ் யூனிடோஸ் என்ற அமைப்பில் திரண்ட ஊழியர்கள் அதற்கு முன்பிருந்தே தெருவில் இறங்கிப் போராடி வந்தார்கள்.

அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? பாத்ரூம். உணவை வாங்கப் போகும் ஹோட்டலில் டாய்லெட்டைப் பயன்படுத்த விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2022 ஜனவரியில் இருந்து அது சட்டப்படி உரிமையானது. இதற்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது!

மாநகராட்சிக்கு இதில் என்ன வேலை?

நம்மூரில் மாநகராட்சி என்றால் குப்பை, குடிநீர், சொத்து வரி. தொழிலாளர் சட்டம் மத்திய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. அமெரிக்காவிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அங்கே சில நகரங்கள் சட்டத்தில் இருக்கும் சந்துகளைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்திருக்கின்றன.

குறைந்தபட்ச ஊதியத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க் நகரம் 1960களிலேயே தனக்கென ஒரு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் போட்டுப் பார்த்தது. அது மாநில அரசின் அதிகாரம் என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2012இல் அதே நகரத்தில் ஃபாஸ்ட்ஃபுட் ஊழியர்கள் 15 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோதும், அதைக் கொடுக்கும் அதிகாரம் மேயரிடம் இல்லை. மாநில அரசுதான் பின்னாளில் அறிவித்தது.

கூலியைத் தொட முடியாதா? சரி, வேலை நேரத்தைத் தொடுவோம் என்று முடிவெடுத்தது மாநகராட்சி.

'நாளைக்கு காலையில வந்துடு'

ஃபாஸ்ட்ஃபுட் கடைகளில் ஷிஃப்ட் என்பது மேனேஜர் கையில் இருக்கும் ரிமோட் மாதிரி. கூட்டம் இல்லையென்றால் 'வீட்டுக்குப் போ', கூட்டம் வந்தால் 'உடனே வா'. போன நேரத்துக்குக் காசு கிடையாது. குழந்தையை யாரிடம் விடுவது, இன்னொரு வேலைக்கு எப்படிப் போவது, இந்த மாதம் வாடகைக்குத் தேறுமா... எதையுமே கணக்குப் போட முடியாது. இரவு கடையை மூடிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி வந்து திறக்கும் ஷிஃப்டுக்கு அங்கே 'க்ளோபனிங்' என்று தனிப் பெயரே உண்டு.

2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 'ஃபேர் வொர்க்வீக்' சட்டம் இதில்தான் கை வைத்தது. அமெரிக்கா முழுக்க 30 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளை வைத்திருக்கும் ஃபாஸ்ட்ஃபுட் நிறுவனங்கள் 14 நாட்களுக்கு முன்பே ஷிஃப்ட் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்றினால், மாற்றத்தைப் பொறுத்து 10 முதல் 75 டாலர் வரை ஊழியருக்குக் கூடுதலாகத் தர வேண்டும். இரவு மூடி காலை திறக்கும் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேர இடைவெளி இல்லையென்றால், ஊழியர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் 100 டாலர் தந்தாக வேண்டும்.

2021 ஜூலையில் இன்னொரு படி மேலே போனார்கள். தகுந்த காரணம் இல்லாமல் ஃபாஸ்ட்ஃபுட் ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது புதிய சட்டம். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் ஊழியர்களைக் காரணமே சொல்லாமல் நீக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

சட்டம் போட்டால் போதுமா?

போதாது. மாநகராட்சியிடம் தனியாக ஒரு துறை இருக்கிறது: நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறை. புகார் வந்தால் ஷிஃப்ட் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிச் சோதிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் இந்தத் துறையின் வேலை.

2022 ஆகஸ்டில் சிபோட்லே உணவக நிறுவனம், நகரத்தில் உள்ள சுமார் 13,000 ஊழியர்களுக்கு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2017 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை வேலை பார்த்த ஒவ்வொரு வாரத்துக்கும் 50 டாலர் என்பது கணக்கு. 2025 டிசம்பரில் ஸ்டார்பக்ஸ் முறை. அந்த நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை சுமார் 3.9 கோடி டாலர்.

டெலிவரி ஊழியர் கதைக்கு வருவோம்

ஆப் நிறுவனங்கள் எப்போதும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 'இவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை, சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்.' நம்மூர் ஸ்விக்கி, சொமேட்டோவில் 'பார்ட்னர்' என்று அழைப்பார்களே, அதே கதைதான். ஊழியர் இல்லை என்றால் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது.

இங்கதான் ட்விஸ்ட். மாநிலத்தின் ஊதியச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டும்தான். டெலிவரி ஆட்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே மாட்டார்கள் என்றால், அவர்களுக்கு ஊதியம் நிர்ணயிப்பதில் மாநிலத்தின் அதிகாரத்தோடு மோதல் ஏது? நிறுவனங்கள் தப்பிக்க வைத்திருந்த அதே கதவு வழியாக மாநகராட்சி உள்ளே வந்தது.

முதலில் கணக்கெடுத்தார்கள். நகரத்தில் 60,000க்கும் அதிகமான டெலிவரி ஊழியர்கள் இருப்பதும், டிப்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 7.09 டாலர்தான் கிடைக்கிறது என்பதும் தெரிந்தது. அதிலும் பைக், பேட்டரி, போன் செலவெல்லாம் அவர்கள் தலையில். 2023 ஜூனில் மணிக்கு 17.96 டாலர் என்று விதி வந்தது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

ஊபர், டோர்டேஷ், க்ரப்ஹப் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. சில மாதங்கள் தடை நீடித்தது. கடைசியில் தோற்றன. 2023 டிசம்பரில் புதிய ஊதியம் அமலானது. படிப்படியாக உயர்ந்து 2025 ஏப்ரலில் 21.44 டாலர் ஆனது.

நிறுவனங்கள் சும்மா இருந்தனவா?

இல்லை. ஊபரும் டோர்டேஷும் ஆர்டர் செய்யும்போதே கேட்கும் டிப் ஆப்ஷனை, ஆர்டர் முடிந்த பிறகு வரும்படி மாற்றின. சாப்பாடு கிடைத்த பிறகு ஆப்பைத் திறந்து டிப் போடுபவர்கள் எத்தனை பேர்? டிப் வருமானம் விழுந்தது. காத்திருப்புக்கும் காசு தர வேண்டும் என்பதால், ஊழியர்கள் நினைத்த நேரத்தில் ஆப்பில் லாக்-இன் செய்ய முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. ஊதியம் ஏறினாலும் வேலை நேரம் குறைந்ததாகப் பல ஊழியர்கள் புலம்பினார்கள். சியாட்டிலில் 2024இல் இதேபோல் சட்டம் வந்தபோது, நிறுவனங்கள் ஆர்டருக்குச் சுமார் 5 டாலர் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டின.

எல்லா ஊரிலும் இது நடக்குமா?

நடக்காது. மாநில அரசு நினைத்தால் ஒரே சட்டத்தில் நகரத்தின் கையைக் கட்டிவிடலாம். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2017 மே மாதம் குறைந்தபட்ச ஊதியம் 10 டாலரானது. மாநிலம் தடுத்ததால் அதே ஆண்டு ஆகஸ்ட் 28 முதல் மறுபடி 7.70 டாலருக்கு இறங்கியது. ஏறிய சம்பளம் நான்கு மாதத்துக்குள் சட்டப்படி இறங்குவதை எங்கே போய்ச் சொல்வது?

டெக்சாஸ் கதை இன்னும் சூடு. கட்டடத் தொழிலாளர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு என்று ஆஸ்டின், டாலஸ் நகரங்கள் விதி வைத்திருந்தன. வெயிலில் தண்ணீர் குடிக்கும் நேரம், அவ்வளவுதான். இதுபோன்ற உள்ளூர் விதிகளைச் செல்லாமல் ஆக்கும் சட்டத்தில் 2023 ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

நியூயார்க்கிலேயே உள்குத்தும் உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தை மளிகை டெலிவரி ஊழியர்களுக்கும் விரிவுபடுத்தி 2025 ஜூலையில் கவுன்சில் சட்டம் நிறைவேற்றியது. ஆர்டர் செய்யும்போதே டிப் கேட்க வேண்டும் என்ற சட்டமும் அதே மாதம் நிறைவேறியது. மளிகை டெலிவரி சட்டத்தைத் தடுத்தவர் எந்த நிறுவனமும் இல்லை, மேயர் எரிக் ஆடம்ஸ். பொருட்களின் விலை ஏறும் என்று சொல்லி வீட்டோ செய்தார். செப்டம்பரில் கவுன்சில் மறுபடி வாக்கெடுத்து, மேயரின் வீட்டோவைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.