கல்லூரி அணியும் காலத் தொடர்ச்சியும்: நெய்வேலிக் கால்பந்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

கல்லூரிக் கால்பந்து அணி என்பது விந்தையானதோர் அமைப்பு. காவல் துறை அணியிலோ இரயில்வே அணியிலோ ஒரு வீரர் பத்தாண்டுகளுக்கு மேலும் நிலைத்து ஆடக்கூடும். கல்லூரியிலோ அவர் பயிலும் மூன்று ஆண்டுகளே அவருடைய ஆட்ட வாழ்வு. முதலாண்டில் சேர்கிறார், இரண்டாமாண்டில் தேறுகிறார், மூன்றாமாண்டில் அணியைத் தம் தோளில் தாங்குகிறார், தாங்கத் தொடங்கிய அப்பொழுதே விடைபெற்றுச் செல்கிறார். இருபது பேர் கொண்ட அணியாயின் ஆண்டுதோறும் ஆறேழு பேர் இங்ஙனம் நீங்குவர். எனவே கோப்பையை ஒருமுறை வெல்வது ஒரு வினா. தொடர்ந்து வெல்வது முற்றிலும் வேறானதொரு வினா. முன்னதற்குத் திறமை வாய்ந்த பதினொருவர் போதும். பின்னதற்கு, அந்தப் பதினொருவர் சென்ற பின் அவ்விடத்தில் யார் வந்து நிற்பர் என்பதற்கு விடை வேண்டும். (கால்பந்து என்பதா, உதைபந்து என்பதா எனத் தமிழ்த்துறையினர் வழக்காடலாம். ஈழத் தமிழர் உதைபந்தாட்டம் என்றே வழங்குகின்றனர். நம் மாணவர் நாவில் பழகிய சொல்லையே நாம் ஈண்டுக் கொள்கிறோம்.)

இவ்வினாவை நெய்வேலியை வைத்து ஆராய்வது பொருந்தும் எனக் கருதுகிறோம். ஏனெனில், விளையாட்டு தழைப்பதற்கு வேண்டிய பலவற்றை ஓர் ஊர் தன் அமைப்பிலேயே பெற்றிருந்தமைக்கு அந்நகரியம் சான்று. அவ்வமைப்பு மாறும்பொழுது விளையாட்டுக்கு என்ன நேரும் என்பதற்கும் அதுவே சான்றாகிக்கொண்டிருக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டதும், 1956இல் நிறுவனம் தோன்றியதும், 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு முதற் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும் பலரும் அறிந்த செய்திகள். சுரங்கத்தோடு கூடவே ஒரு நகரமும் எழுந்தது. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, நிழல் மரச் சாலைகளும் குடியிருப்புகளும் பள்ளிகளும் திறந்த வெளிகளும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. பாரதி விளையாட்டரங்கமும் எழுந்தது. சிற்றூர்ச் சிறுவன் பந்தை உதைக்க அறுவடை முடிந்த வயலைத் தேட வேண்டியிருந்த காலத்தில், நகரியச் சிறுவனுக்கு வீட்டுக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. தந்தையர் முறைவேலை பார்த்தனர். காலை முறை முடித்து வந்தவர் மாலையில் மைதான ஓரத்தில் நின்று பிள்ளையின் ஆட்டத்தைக் காண இயலும். 1984 முதல் இயங்கிவரும் ஜவஹர் கல்லூரியும் அங்கேயே அமைந்ததால், பள்ளியில் பந்தாடிய பையன் ஊரை விட்டு நீங்காமலே கல்லூரி அணியிலும் ஆடும் வாய்ப்புண்டாயிற்று. பள்ளி, மைதானம், கல்லூரி, வேலை என்னும் நான்கும் ஒரே மிதிவண்டித் தொலைவில் அமைந்த ஊர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

இனி, ஒரு கல்லூரி அணி உள்ளிருந்து எவ்வாறு இயங்குகிறது என்று நோக்குவோம். மாணவர் சேர்க்கை கோடையின் இறுதியில் முடிகிறது. அடுத்த சில மாதங்களிலேயே கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் வந்துவிடும். அவற்றில் சிறந்து விளங்குவோரிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகி மண்டலப் போட்டிக்குச் செல்லும். புதிதாய்ச் சேர்ந்த மாணவனைக் கண்டறிந்து, உடலுரம் ஏற்றி, மற்றவரோடு இசைந்து ஆடச் செய்வதற்குப் பயிற்றுநருக்குக் கிட்டுவன சில வாரங்களே. அதற்குள் உட்தேர்வு வரும். பருவத் தேர்வு வரும். வருகைப் பதிவு குறைந்தமைக்காக வகுப்பாசிரியர் அழைப்பார். ஆதலின், சேர்க்கைக்குப் பின் பயிற்சியைத் தொடங்கும் கல்லூரி என்றும் பிந்தியே நிற்கும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் பள்ளி மைதானத்திலேயே கண்டு வைத்துக்கொள்ளும் கல்லூரிதான் முந்துகிறது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. எல்லா இடத்து ஆட்டக்காரரும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. முன்வரிசையில் ஓடுபவன் பதினெட்டு வயதிலேயே ஒளிவீசலாம். இலக்குக் காவலரும் நடுத் தடுப்பாளரும் அவ்வாறல்லர். பந்து வரும் வழியை முன்னரே கணிக்கும் அறிவு ஆண்டுகள் செல்லச் செல்லவே வாய்க்கும். அவர்கள் முதுகலையிலும் தொடர்ந்தால் ஐந்தாண்டுகள் அணியில் இருப்பர். ஆகவே ஒரு கல்லூரியில் எத்தனை முதுகலைப் படிப்புகள் உள்ளன என்பதும் அதன் பின்வரிசை வலிமையைத் தீர்மானிக்கும். விளையாட்டுத் துறைக்கும் தமிழ் முதுகலை வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர்க்கு இதுவே விடை!

கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அவை முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனோடு இணைந்தன. 2021இல் சட்டம் மாறியபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்கு உட்பட்டன. நிருவாகக் கோப்புகளில் இஃது ஒரு பெயர் மாற்றமாகத் தோன்றலாம். விளையாட்டரங்கிலோ எதிரணிகளே மாறிவிடுகின்றன. ஆண்டுக்காண்டு அதே வலிய எதிரியைச் சந்தித்துத் தோற்று, கற்று, பின்னர் வெல்வதே ஓர் அணியை வளர்ப்பது. அப்பழைய பகையை - நல்ல பொருளில்தான் கூறுகிறோம் - இழந்த அணி, தன்னை அளந்து பார்க்க மீண்டும் புதியதோர் அளவுகோலைத் தேட வேண்டியதாகிறது.

தொடர்ந்து வென்றோர் எவரேனும் உளரோ எனின், அண்டை மாநிலத்தை நோக்கலாம். 1968இல் நிறுவப்பெற்ற கோழிக்கோடு பல்கலைக்கழகம், அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துக்குரிய சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பையை 1971-72இல் முதன்முறையாக வென்றது. அதன்பின்னும் பன்முறை வென்றது. அப்பல்கலைக்கழகத்தின் வலிமை பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்ததன்று. மலப்புறத்தின் சிற்றூர்களில் அறுவடைக்குப் பின் வயல்களில் தொடங்கும் எழுவர் கால்பந்துப் போட்டிகள், இரவு விளக்கொளியில் திரளும் ஆயிரக்கணக்கான மக்கள், உள்ளூர்ச் சங்கங்கள் ஆகியவற்றில் பிறந்தது அது. 1948இல் தோன்றிய பாரூக் கல்லூரியும் மம்பாட்டு எம்.இ.எஸ். கல்லூரியும் அவ்வெள்ளம் வந்து சேரும் கால்வாய்களாயின. அங்கே ஒரு வீரன் பட்டம் பெற்றுச் சென்றால், அவன் தம்பியும் அவன் தெருக்காரனும் ஏற்கெனவே வாயிலில் காத்து நிற்பர். கல்லூரி அவர்களை உருவாக்கவில்லை, வரவேற்கக் கற்றிருந்தது. நம் சமுதாயக் கல்விக்கூடங்கள் இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் நன்று.

அவ்வளவு தொலைவு செல்லாமலே, நெய்வேலியிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் இன்னொரு சான்று கிடைக்கிறது. நாம் ஆடவர் அணியைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். கடலூர் மாவட்டத்தின் கால்பந்துப் பெருமையை நாடறியச் செய்தவர்களோ பெண்கள். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. வீடிழந்தும் பெற்றோரை இழந்தும் நின்ற சிறுமியர் சிலர், பயிற்றுநர் மாரியப்பன் அவர்களிடம் பந்தாடக் கற்றனர். இந்திரா காந்தியின் பெயரால் அமைந்த அப்பயிற்சிக் கழகம் தன் பெயரிலேயே விளையாட்டு, கல்வி என்னும் இரண்டையும் கொண்டிருந்தது. ஆடினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும் என்பது அதன் நெறி. அக்கழக அணி 2017-18ஆம் ஆண்டின் இந்திய மகளிர் லீகில் களம் கண்டது.

கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரராக உயர்ந்தார். பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணியின் முன்வரிசையில் ஆடினார். பண்ருட்டி என்றால் பலாப்பழத்தையே நினைத்துப் பழகிய நாம் இனி இதனையும் நினைக்கலாம். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில், பல முறை வாகை சூடிய மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 எனும் கணக்கில் வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2023 சூனில் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பெற்றது. இரு வெற்றிகளுக்கும் இடையே ஐந்தாண்டுகள் கழிந்தன. ஆயினும் அணி தேய்ந்து போகவில்லை என்பதே கருதத்தக்கது.

ஏன் தேயவில்லை? பயிற்றுநர் மாறவில்லை, விடுதியும் உணவும் இருந்தன, எல்லாவற்றினும் மேலாக, ஆட்டத்தின் மறுமுனையில் ஒரு வாழ்வு தெரிந்தது. இந்துமதி தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அவர் சென்னைச் சாலைகளில் பணியாற்றியதை நாளேடுகள் எழுதின. ஒரு சிறுமியின் தாய்க்கு நூறு கோப்பைகள் சொல்லாத செய்தியை அந்தக் காக்கிச் சீருடை சொல்லிவிடும். பந்தாடினால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் எழும் கேள்விக்கு விடை இருந்தால்தான், மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஆளிருக்கும்.

இதுதான் நெய்வேலிக்கு இன்று எழுந்துள்ள நெருக்கடியும். முன்பு விளையாட்டு வீரர்க்குப் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் வேலை தந்தன. இந்தியன் வங்கியின் அணி 1996இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீகிலேயே ஆடிற்று. அதில் ஆடியவர் பகலில் வங்கி ஊழியர். அக்காலம் பெரும்பாலும் கழிந்தது. நெய்வேலியிலும், நிரந்தரப் பணியாளரின் பிள்ளைகளால் நிறைந்திருந்த மைதானங்கள் பழைய நிலையில் இல்லை. பணி ஓய்வு பெறுவோர் குடியிருப்பை விட்டு நீங்குகின்றனர். சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். அவர்களுட் பலர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருவோர். சோவியத் துணையோடு எழுந்து 1962இல் மின்னாக்கம் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஊரின் முகம் மாறுகிறது. கல்லூரி அணியின் முகமும் மாறாதிருக்க இயலாது.

ஆகவே, நெய்வேலிக் கல்லூரி அணியின் எதிர்காலம் இனி நகரியத்து வட்டங்களுக்குள் இல்லை. சுரங்கத்துக்கு நிலம் ஈந்த ஊர்களிலும் மந்தாரக்குப்பத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருக்கிறது என்பது நம் துணிபு. அங்குள்ள இளைஞரிடம் ஓட்டமும் உரமும் உள்ளன. இல்லாதன மிகச் சிறியவை: ஒரு சோடிக் காலணி, பயிற்சிக்குப் பின் ஒரு வேளை ஊட்டமான உணவு, இருட்டிய பின் வீடு திரும்ப ஒரு பேருந்து. இவை பெருஞ்செலவல்ல. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது; அச்செலவினங்களுள் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியையும் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. தமிழக அரசும் தன் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியுள்ளது. இச்செய்தி எத்தனை மாணவர்க்குத் தெரியும்? எந்தப் போட்டியில் பெற்ற எந்தச் சான்றிதழ் எந்தப் பணிக்குச் செல்லும் என்பதை விளக்கி உடற்கல்வி இயக்குநர் அறையில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தாலே பாதி ஐயம் தீரும்.

பணம் ஒன்றே போதும் என்று எண்ணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோவையைத் தன் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழகமே வியந்தது. 2021-22ஆம் ஆண்டுப் போட்டியில் அவ்வணிக்கு இடமே இல்லை. அயல்நாட்டுக் கால்களால் வந்த வெற்றி அக்கால்களோடு சென்றது. கீழே இளையோர் வரிசை ஆழமாக இருந்திருப்பின் வீழ்ச்சி அத்துணை விரைவாக நேர்ந்திராது என்றே நாம் கருதுகிறோம். நெய்வேலி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு டன் பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலான மேல்மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும் என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

எனவே ஒரு கல்லூரி அணியின் நலத்தை நாம் மதிப்பிட விரும்பினால், முதலில் கோப்பை அடுக்கிய கண்ணாடிப் பேழையைக் காணச் செல்லலாகாது. சேர்க்கைக்கு விண்ணப்பம் வழங்கும் நாளில் கல்லூரி வாயிலில் நிற்க வேண்டும். சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளின் அணிகளிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர், அவர்களுள் மாணவியர் எத்தனை பேர், அவர்களுடைய பெயர்களைப் பயிற்றுநர் முன்னரே அறிந்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். பின்னர் மாலை வரை அங்கேயே இருந்து, பயிற்சி முடிந்த பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள ஊர்ப் பேருந்து காத்து நிற்கிறதா என்றும் பார்த்து வர வேண்டும்.